நோயறியாப் பூனைகள்

பூனைகளுக்கு எதுவும் வருவதில்லை என்பதுதான் பவளத்துக்கு முதலில் உறுத்தியது.

ஆனிச் சாரலில் கோழிகளுக்குக் கழிச்சல் கண்டது. நாய்க்குச் சொறி வந்தது. கல்யாணமாகி வந்து ஒரு மாதம்கூட நிறையாத மருமகள் கார்குழலி காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். கொல்லைக் கொட்டகையில் இருந்த புனுகுப்பூனைகள் மட்டும் போட்ட வாழைப்பழத்தையும் அவித்த முட்டையையும் தின்றுவிட்டு, பளபளவென்று கூண்டுக்குள் நடைபோட்டன. ஒவ்வொன்றின் கழுத்துப் பட்டையிலும் பச்சை விளக்கு எரிந்தது. பச்சை எரிந்தால் பூனையின் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் அந்த விளக்கு ஒரு நாளும் நிறம் மாறியதில்லை.

பவளம் இயல்பிலேயே உட்காராதவள். காட்டுமாடு முட்டிக் கணவன் போன பிறகு அந்தப் பழக்கம் இன்னும் கூடிவிட்டது. ஒரு வேலை முடியுமுன்னே அடுத்த வேலைக்கு எழுந்துவிடுவாள். அன்றைக்கு மருமகளின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும், கொட்டகைக்குப் போய்ப் பூனைகளைப் பார்ப்பதும், திரும்ப வந்து நெற்றியைத் தொடுவதுமாக வீட்டுக்கும் கொல்லைக்கும் அலைந்துகொண்டிருந்தாள்.

"எதுக்கு அத்தே இப்படி அலையிறீங்க? கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்க" என்றாள் குழலி. பேசும்போதே மூச்சு இழுத்தது.

"உக்காந்தா சரியாயிருமா? கஞ்சி வைக்கிறேன், இரு."

மஞ்சம்பாறை பழனி மலையின் கீழ்ச்சரிவில் இருந்தது. ஒரு காலத்தில் காபியும் மிளகும் மலைவாழையும் சோறு போட்ட ஊர். வாழைக்கு முடிக்கொத்து நோய் வந்தது. மிளகுக்கொடி வாடியது. காபி பூக்கிற மாதத்தில் வெயிலும் காய்க்கிற மாதத்தில் பேய்மழையுமாகப் பருவம் தடுமாறியது. ஆண்கள் திருப்பூருக்குப் போனார்கள். அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் சட்டத்தைத் திருத்தி, வீட்டிலேயே காட்டு விலங்கு வளர்க்க அனுமதி கொடுத்தது. கம்பெனிக்காரர்கள் பூனைகளோடு வந்தார்கள்.

அவை வெறும் புனுகுப்பூனைகள் இல்லை. சோதனைக்கூடத்தில் கருவிலேயே திருத்தி உண்டாக்கியவை. பிற ஊர்களில் முள்ளம்பன்றி வளர்த்தவர்களும் உடும்பு வளர்த்தவர்களும் ஒரே கொள்ளைநோயில் மொத்தத்தையும் பறிகொடுத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பூனைக்கு நோயே வராது என்றார் கம்பெனி அலுவலர் பிரபாகர். பெரிய பண்ணை வைத்தால் கொட்டகை, காவல், வைத்தியர், கூலி என்று கம்பெனிக்கு இழுத்துக்கொண்டே போகும். வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டால் அத்தனையும் பெண்கள் கையோடு முடிந்துவிடும். அவர்கள் செய்வது வேலை என்றே யார் கணக்கிலும் வராது. வால் அடியில் இருக்கும் பையிலிருந்து புனுகை மூங்கில் சீவலால் வழித்து எடுத்துக் கொடுத்தால் போதும். வெளிநாட்டு வாசனைத் தைலக்காரர்கள் அதைத் தங்கம்போல வாங்கினார்கள்.

முதலில் நம்பியவள் பவளம்தான். அவள்தான் ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறி, "நான் எடுக்கிறேன், நீங்களும் எடுங்க" என்று பெண்களைக் கூட்டி வளர்ப்போர் குழுவை ஆரம்பித்தாள். அதன் பிறகு மஞ்சம்பாறையில் ஓட்டுவீடுகள் மாடியாயின. திருப்பூர் போனவர்கள் பாதிப்பேர் முதல் வருடத்திலேயே திரும்பி வந்து பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தார்கள். பவளத்தின் மகன் நாகேந்திரனும் அப்படி வந்தவன்தான்.

ஐந்தாம் நாள் குழலிக்கு உதடு நீலம் பாரித்தது. ஜீப்பில் போட்டு வத்தலக்குண்டுக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து திண்டுக்கல்லுக்கு அனுப்பினார்கள். நுரையீரல் நெஞ்சுக்குள் நனைந்த பஞ்சுபோல ஆகிவிட்டது என்றார் அங்கே இருந்த மருத்துவர். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, காசமும் இல்லை. என்னவென்று தெரியவில்லை.

ஊருக்குத் தெரிந்திருந்தது. "வந்த நேரம் சரியில்ல" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் நேரடியாகவே கேட்டாள். பவளத்துக்கு அவள் மதினி முறை, குழுவில் அவளுக்கு வலதுகை.

"ஜாதகம் நல்லாப் பாத்தீங்களா பவளம்?"

பவளத்துக்குச் சுள்ளென்று வந்தது. "போன வருசம் எங்க வீட்டுல குளியலறை கட்ட வந்தாரே கொத்தனாரு, அவரு எந்த ஜாதகத்துல செத்தாரு?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. கொத்தனார் வத்தலக்குண்டுக்காரர். பின்பக்கம் கொட்டகையை ஒட்டிச் சுவர் எழுப்பினார். ஊருக்குப் போய் இதேபோல மூச்சு இழுத்துச் செத்தார். குடித்துச் செத்தார் என்றார்கள். அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த டீச்சர், பூனை வளர்க்கிற வீட்டில்தான் குடியிருந்தாள். இதே காய்ச்சலோடு விடுப்பில் போனவள் திரும்பவே இல்லை. குளிர் தாங்கவில்லை என்றார்கள். இப்போது குழலி.

வந்தவர்களுக்குத்தான் வருகிறது. இருக்கிறவர்கள் யாருக்கும் வரவில்லை.

அதை நினைத்த பிறகு பவளத்துக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த முறை புனுகை வாங்கிப் போக வந்த பிரபாகரிடம் கேட்டாள். அவர் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். ஊரிலுள்ள அத்தனை பட்டையும் பச்சை.

"பாருங்க, ஒரு பூனைக்குக்கூடக் காய்ச்சல் இல்ல. இல்லாத நோயை அது எப்படிக் குடுக்கும்? நீங்களே இப்படிப் பேசினா மத்தவங்க என்ன நினைப்பாங்க?"

பவளம் தலையாட்டினாள். ஆனால் அன்றே திண்டுக்கல் ஆஸ்பத்திரியில், குழலியின் கட்டிலருகே வந்த தொற்றுநோய் மருத்துவர் நூர்ஜகானிடம் பூனைகளைப் பற்றிச் சொல்லிவிட்டாள். நாற்பது வயதுக்குள் தலை முழுக்க நரைத்திருந்த, வேகமாகப் பேசுகிற பெண் அவர். பேச்சைக் கேட்டதும் அவர் வேகம் நின்றுவிட்டது.

"ஒரு தடவைகூட நோய் வந்ததில்லையா?"

"சளிகூடப் பிடிச்சதில்ல டாக்டரம்மா."

நூர்ஜகான் வெளி நடையில் கிடந்த பெஞ்சில் அவளை உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தார். "காய்ச்சல்னா என்னன்னு நினைக்கிறீங்க? கிருமி வந்தா உடம்பு அதோட சண்டை போடுது. அந்தச் சூடுதான் காய்ச்சல். உங்க பூனைங்களுக்கு நோய் வரலைன்னா கிருமி இல்லைன்னு அர்த்தம் இல்ல. சண்டை இல்லைன்னுதான் அர்த்தம். கம்பெனிக்காரன் அதுங்க உடம்புல அந்தச் சண்டையை எடுத்துவிட்டுட்டான். கிருமி சுகமா குடித்தனம் நடத்தும், பெருகும், மூச்சுல வரும், மூத்திரத்துல வரும். பட்டையில பச்சைதான் எரியும்."

"அப்ப எங்களுக்கு ஏன் வரல?"

"முதல்லேர்ந்து கூடவே இருக்கீங்க. கொஞ்சம் கொஞ்சமாப் பழகியிருக்கும். சரியாத் தெரியாது. பூனைங்களப் பாக்கணும், உங்க ரத்தமும் வேணும். நான் மேல எழுதினேன்னா ஊருக்குள்ள ஆள் வருவாங்க. வந்தா பூனைங்களை விட்டு வைக்க மாட்டாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

பவளம் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். குழலியின் மூக்கிலும் வாயிலும் குழாய். மூடிய இமைக்குள் விழி இங்குமங்கும் ஓடியது.

யோசிக்கிறேன் என்று ஊர் திரும்பினாள். குழுவைக் கூட்டிச் சொன்னாள். சொல்லி முடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தி அழுதாள். ஒருத்தி சத்தியம் கேட்டாள். வெள்ளத்தாய் மட்டும் எழுந்து பவளத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"எம் புருசன் பன்னெண்டு வருசம் சாயப்பட்டறையில வெந்தாரு. பூனை வந்த பொறவுதான் வீட்டுல படுத்து எந்திரிக்கிறாரு. இந்தப் பூனையை எடுத்தாச்சுன்னா மறுபடி பஸ் ஏறுவாரு. உம் மருமகளுக்கு வந்த காய்ச்சலுக்கு எம் புருசன் போகணுமா?"

"நாளைக்கு உங்க வீட்டுக்கும் ஒரு மருமக வருவா மதினி."

"வரும்போது பாத்துக்கலாம். நீதான படியேறி வந்து எடுங்க எடுங்கன்ன? இப்ப நீயே புடுங்குறியா?"

பூனையைக் கொடுக்க வேண்டாம், வருகிறவர்களை மட்டும் கொட்டகைப் பக்கம் விடாமல் இருக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. அதற்கு எல்லாரும் சரி என்றார்கள். பவளமும் சரி என்றுதான் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள். கொல்லைக்குப் போனாள். அவள் கையிலிருந்தே பழம் வாங்கித் தின்கிற வயதான பெட்டை கூண்டுக் கம்பியில் மூக்கை வைத்து மோந்தது. அதன் மூச்சு அவள் முகத்தில் பட்டது. எப்போதும் படுவதுதான். அன்றைக்கு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொட்டகை கழுவிய தண்ணீர் வாய்க்காலில் கலந்து கீழே ஓடிக்கொண்டிருந்தது. கீழே எத்தனை ஊர் இருக்கிறது என்று நினைத்தாள்.

பொழுது சாயுமுன் நூர்ஜகானுக்குப் போன் செய்துவிட்டாள்.

ஆவணியில் வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்தார்கள். வீடு வீடாகக் கூண்டுகளை எடுத்து, பள்ளிக்கூட மைதானத்தில் நின்ற மூடிய லாரிகளில் ஏற்றினார்கள். லாரிக்குள்ளேயே வாயு திறந்துவிட்டு முடித்தார்கள். பவளம் தன் வீட்டுக் கூண்டுகளைத் தானே சுமந்து போய்க் கொடுத்தாள். வயதான பெட்டை வழியெல்லாம் சத்தம் போடவில்லை. லாரிக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு ரத்தம் எடுத்தார்கள். பவளம் மட்டும்தான் கை நீட்டினாள். மற்றவர்கள் முடியாது என்றுவிட்டார்கள். "பூனையை எடுத்தாச்சுல்ல, ரத்தத்தை வேற உறிஞ்சணுமா?" என்றாள் வெள்ளத்தாய். பவளத்தைக் கடக்கும்போது தரையில் காறித் துப்பினாள்.

கம்பெனி அலுவலகம் பூட்டிக் கிடந்தது. பிரபாகரின் எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

அதன் பிறகு இரண்டு மாதம் பவளத்திடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். நாகேந்திரன்கூட ஒரு நாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, "என்னையும் குழலியையும் சொல்லித்தாம்மா ஊரே திட்டுது. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்றான்.

"உம் பொண்டாட்டி பொழைக்கணும்னு நான் செய்யல. அவ பொழச்சிருந்தாலும் செத்திருந்தாலும் செஞ்சிருப்பேன்."

சொல்லிவிட்டாள். அது உண்மையா என்று அவளுக்கே தெரியவில்லை.

குழலி பிழைத்தாள். மெலிந்து, பாதி மூச்சோடு, நத்தத்தில் தாய்வீட்டுக்குப் போனாள். தினமும் சாயங்காலம் போன் செய்வாள். குரல் மெல்ல மெல்லத் தெளிந்தது. ஐப்பசி பிறந்ததும் மாடி ஏறி இறங்க முடிகிறது என்றாள். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையை அழைக்கத் தானே வருவதாகச் சொன்னாள்.

"நீ எதுக்கு அலையிற? உங்கப்பா வந்தாப் பத்தாதா?"

"உங்க மகனையும் உங்களையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போறதுக்குத்தான் அத்தே. நீங்க தனியா இருந்து என்ன செய்யப்போறீங்க?"

பவளம் சிரித்தாள். சிரித்து வெகுநாளாகியிருந்தது. ஊரும் கொஞ்சம் இளகியிருந்தது. அரசாங்கத்தின் இழப்பீடு ஒருவழியாக வந்து சேர்ந்ததில், தீபாவளித் துணி எடுக்கப் பெண்கள் எல்லாரும் காலைப் பேருந்தில் வத்தலக்குண்டு போவதாகப் பேச்சு. வெள்ளத்தாய் பேசவில்லை என்றாலும் துப்புவதை நிறுத்தியிருந்தாள்.

குழலி அதே பேருந்தில் மேலே வந்து இவர்களை அழைத்துப் போவதாக ஏற்பாடு. அந்தக் காலையில் நாகேந்திரன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பையோடு பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டான். பவளம் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. நூர்ஜகான்.

"பவளம்மா, எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான். சம்பந்தி வீட்டுக்குக் கெளம்பிட்டேன்."

"போகாதீங்க" என்றார் நூர்ஜகான்.

"என்ன டாக்டரம்மா?"

"வத்தலக்குண்டுல ஜவுளிக்கடையில வேலை பாக்கிறவரு, அவரோட சம்சாரம், உங்க ஊருப் பஸ் கண்டக்டரு. மூணு பேரும் படுத்துட்டாங்க. அதே காய்ச்சல். பூனையைக் கண்ணால பாத்தவங்ககூட இல்ல. அதுவும் பூனைங்க போய் இத்தனை நாள் கழிச்சு."

பவளம் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றாள். சட்டென்று வெயில் சுட்டது.

"உங்க ரத்தத்தை ரெண்டாந்தடவை எடுத்துட்டு வரச் சொன்னேன்ல போன வாரம்? முடிவு இப்பத்தான் வந்துது. கிருமி உங்ககிட்ட இருக்கும்மா. செத்த கிருமி இல்ல. உயிரோட, பெருகிக்கிட்டு. பூனைங்களோட இருந்து இருந்து உங்க உடம்பும் அதோட சண்டை போடறதை நிறுத்திருச்சு. உங்களுக்கு மட்டும் இருக்காது. வளர்த்த அத்தனை பேருக்கும் இருக்கும்னுதான் நினைக்கிறேன்."

"எனக்கு ஒண்ணுமே செய்யலியே. காய்ச்சல்கூட இல்லியே."

"இல்ல. வரவும் வராது."

குழலியின் நெற்றியை எத்தனை முறை தொட்டோம், எத்தனை முறை கஞ்சி ஊட்டினோம் என்று பவளத்தின் மனது தானாக எண்ணத் தொடங்கியது. அதை நிறுத்த முடியவில்லை. கொட்டகையிலிருந்தா, தன் கையிலிருந்தா?

"ஒரு தடவை வந்து பொழச்சவங்களுக்கு மறுபடி வருமா டாக்டரம்மா?"

"தெரியாது. அந்தப் பொண்ணு நுரையீரலுக்கு இன்னொரு தடவை தாங்காது, அது தெரியும்." நூர்ஜகானின் குரல் தாழ்ந்தது. "ரோட்டை அடைக்க உத்தரவு கேட்டிருக்கேன். ஆளுங்க வந்து சேர மத்தியானம் ஆயிரும். உங்க ஊருல காலைப் பஸ் எப்ப?"

பவளம் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தாள்.

சரிவில் இறங்கும் குறுக்குவழியில் செருப்பு ஒன்று கழன்று போனது. நிறுத்தத்தில் பெண்கள் நல்ல புடவை உடுத்தி, பைகளோடு நின்றிருந்தார்கள். பேருந்து கடைசி வளைவில் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. மேலே வந்து, திரும்பி, நிறுத்தத்தில் நிற்கிறவர்களை ஏற்றிக்கொண்டு இறங்குகிற வண்டி. பவளம் கூட்டத்தைத் தாண்டி ஓடி நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்தாள்.

டிரைவர் மூச்சுப்பிடித்து பிரேக் போட்டான். "ஏய், சாகணுமா உனக்கு?"

"கதவத் தெறக்காத! யாரும் எறங்க வேணாம், யாரும் ஏற வேணாம்! வண்டியத் திருப்பு!"

"அம்மா, என்னம்மா ஆச்சு?" என்று நாகேந்திரன் ஓடிவந்தான். மூன்றாவது ஜன்னலில் குழலியின் முகம் தெரிந்தது. தலை நிறைய மல்லிகைப்பூ வைத்திருந்தாள். கன்னத்தில் மறுபடி சதை பிடித்திருந்தது. எழுந்து கதவுப் பக்கம் வரப் பார்த்தவளை நோக்கி பவளம் கத்தினாள்.

"உக்காரு! குழலி, உக்காரு! கண்ணாடிய ஏத்து!"

அந்தப் பெண் அப்படியே நின்றாள். பவளம் இரண்டடி முன்னே போனாள். பிறகு, போகக் கூடாது என்று நினைவு வந்து மூன்றடி பின்னே வந்தாள். இருந்த இடத்திலிருந்தே, ஊருக்கும் கேட்கும்படி, டாக்டர் சொன்னதைச் சொன்னாள். மூச்சு வாங்கியதில் முன்னும் பின்னுமாக வந்தது. ஆனால் எல்லாருக்கும் புரிந்தது.

"பூனையெல்லாந்தான் போயிருச்சே அத்தே?" என்றாள் குழலி, ஜன்னலுக்குள்ளிருந்து.

"பூனை போயிருச்சு தாயி. நாங்க இருக்கோமே."

நாகேந்திரன் பேருந்தைத் தொடப் போன கையை இறக்கிக்கொண்டான். குழலி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். அவன் வைக்கவில்லை. டிரைவர் தோளில் கிடந்த துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, அடித்துப் பிடித்து வண்டியைப் பின்னுக்கு எடுத்தான். சக்கரம் சரளையில் வழுக்கியது, பிறகு பிடித்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் வண்டி மறைந்த பிறகும் அதன் சத்தம் வெகுநேரம் மலையில் கேட்டுக்கொண்டிருந்தது.

யாரும் பவளத்தை ஏசவில்லை. அவள் அதற்குத் தயாராக நின்றிருந்தாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பார்க்காமல் இருந்தார்கள். தோளோடு தோள் உரசி நின்றவர்கள் இடைவெளி விட்டு நகர்ந்தார்கள். அதில் ஒரு பயனும் இல்லை என்று புரிந்து ஒருத்தி அப்படியே ரோட்டில் உட்கார்ந்தாள்.

வெள்ளத்தாய் துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு பவளத்தின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எம் மக வந்திருந்தா. லீவுக்கு."

"எப்ப மதினி?"

"நேத்துச் சாயங்காலம் கடைசி பஸ்ஸுல போயிட்டா. மதுரையில ஆஸ்பத்திரியில நர்சு வேலை. அஞ்சு வருசம் பூனைய அவதான் பாத்துக்கிட்டா, போன வருசம்வரைக்கும். பிரசவ வார்டுல இருக்கா பவளம். இன்னிக்குக் காலையில டூட்டி."

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் அந்தப் பெண்ணின் வேலையும் வாழ்வும் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். வெள்ளத்தாய் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, கைப்பேசியை இடுப்பிலிருந்து எடுத்தாள்.

"அந்த டாக்டரு நம்பரச் சொல்லு" என்றாள். "நானே சொல்றேன்."

பவளம் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல ஆரம்பித்தாள்.